குடத்துக்குள் ஒரு ஏலம்

சிரிப்பு இருக்கிறது, பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒன்று, என் கையிருப்பிலேயே பெரியது. ஆனால் இப்போது வராது, கடைசியில்தான் வரும், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும். ஏனென்றால் இப்போது நான் எங்கள் வீட்டுப் புறவாசலில் துவைகல்லுக்குப் பின்னால் குத்தவைத்து, எவர்சில்வர் குடத்துக்குள் வாயை விட்டு, எமர்சன் வாத்தியாராக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வேதக்கோயிலில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலம் விடுகிறவர் எமர்சன் வாத்தியார்தான். சபையார் கொண்டுவந்து படைக்கிற பூசணிக்காய், சேவல், நெல், தேங்காய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விலை ஏற்றுவார், ஒவ்வொரு விலைக்கும் ஒரு உறிஞ்சல். நூறு, உறிஞ்சல். நூற்றிருபது, உறிஞ்சல். குடத்துக்குள் பேசினால் சத்தம் உருண்டு, கொஞ்சம் அடிபட்டு, ரெண்டு தெரு தாண்டிக் காற்றில் வருகிற மாதிரியே வெளியே வருகிறது. கோயில் பனைமரத்தில் கட்டுகிற ஒலிபெருக்கிக் குழாயும் இதே கரகரப்புத்தான், கட்டிலில் கிடக்கிற அப்பா ஏலம் கேட்பது அதில்தான். இந்தக் கல்லிலிருந்து பார்த்தால் அப்பாவின் ஜன்னல் தெரிகிறது, தலையணையில் சாய்ந்திருக்கிற தலை தெரிகிறது. அப்பாவுக்கு நான் தெரியமாட்டேன். சர்க்கரை அப்பாவின் இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது, அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம் என்று காலையில் நினைத்தேன், நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நல்ல வேளை, நினைப்பதற்குக் குரல் கிடையாது. இப்போது கிரேஸ்கனி அக்காளாக மாற வேண்டும். அவள் பூசணிக்காயை விடமாட்டாள், ஆனால் காம்பு அழுகியிருந்தால் காசு தரமாட்டேன் என்று கீச்சுக் குரலில் முன்கூட்டியே சண்டை போடுவாள். போட்டேன். நடுவில் யாருடைய சேவலோ கூவியது. அதுவும் நான்தான்.

கோயிலில் இன்றைக்கு ஏலம் இல்லை. பந்தல் பாதி போட்டபடி நிற்கிறது. பண்டிகையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள், ஏனென்றால் வியாழக்கிழமை காலையில் அரிசி மில் மாசிலாமணி மாமா பல் தேய்க்கப் போன இடத்தில் சாய்ந்து விழுந்து, தூக்குவதற்குள் முடிந்துவிட்டார். மறுநாள் அடக்கம். ஊர் முழுக்கப் போனது, நானும் போனேன், அப்பாவுக்கு மட்டும் தெரியாது. இந்த நெஞ்சு ஒரு அதிர்ச்சியும் தாங்காது, நல்ல செய்தியைக்கூட மெதுவாகத்தான் சொல்ல வேண்டும் என்று பாளையங்கோட்டை டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். துக்க மணி அடித்தபோது அப்பா கேட்டார்கள், யாருக்கு அடிக்கிறது என்று. பொய்யை வாயில் வைத்தே பழகாத அம்மா, கீழத்தெருவில் ஒரு கிழவி என்றாள். எந்தக் கிழவி. மகள் வீட்டுக்கு வந்திருந்த கிழவி. எந்த மகள். இப்படியே போய் அம்மா ஒரு முழுக் கிழவியைப் படைத்து, அவளுக்கு ஆஸ்துமாவும் மருமகனும் கொடுத்து, சாகடித்து, பிறகு அடுப்படிக்குப் போய் முழங்காலில் நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு எதற்குத்தான் வராது. ஆனால் அம்மாவின் முதுகு குலுங்கியதைப் பார்த்தபோது என் சிரிப்பு தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது, மீன்முள் மாதிரி. ஏலம் தள்ளிப்போயிற்று என்று சொன்னால் ஏன் என்று அப்பா கேட்பார்கள். அந்த ஏனுக்கு ஒரு கிழவி போதாது. அப்போதுதான் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீதான் எல்லாரு மாதிரியும் பேசுவியே என்றாள். வருஷம் முழுக்க எதற்காக என்னைத் திட்டினாளோ அதையே கேட்டாள். எங்கள் கோயில் பாதிரி ஐயர் குரலில் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி ஜெபக்கூட்டம் என்று சொல்லிப் பத்துப் பேரைக் காக்கவைத்ததற்கு விளக்குமாற்றால் அடித்தவள்.

இதோ ஐயர். ஐயர் குரலுக்குத் தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும், சாப்பிட்ட பிரியாணி பாதி வழியில் நிற்கிற மாதிரி. பிரியமானவர்களே, வாழைக்கொலையைக் கொண்டுவந்தவனும் கொத்தமல்லிக் கட்டைக் கொண்டுவந்தவனும் ஆண்டவர் கண்ணில் ஒன்றுதான், போதும் என்கிற மனசு இருக்கிறதே, அதுதான் பிரியமானவர்களே பெரிய ஐசுவரியம். ஒரு சின்ன ஏப்பம். ஐயர் இதைச் சொல்லும்போது பையன்களெல்லாம் என்னைத்தான் பார்ப்பார்கள், அடுத்த நாள் வகுப்பில் இதை எப்படிச் செய்யப் போகிறேன் என்று. அதே வார்த்தையை அப்பா சொன்னால் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். அப்பாவுக்கு ஆற்றங்கரையில் கண்ணுக்கெட்டின மட்டும் வாழை இருந்தது. பண்டிகைக்கு எங்கள் வீட்டுக் கொலையைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும், நான் சின்னப் பையனாக அதன் பின்னால் நடந்துபோவேன், கொலைக்கே நான்தான் பிள்ளை என்கிற மாதிரி. அந்தக் கொலையை மாசிலாமணி மாமா கேட்பார். மாமா படைத்த அரிசி மூட்டையை அப்பா கேட்பார்கள். ஒருத்தரை ஒருத்தர் விடமாட்டார்கள், விலை சந்தையைத் தாண்டி, புத்தியைத் தாண்டி, பனைமர உச்சிக்குப் போய் நிற்கும், சபையே எழுந்து நின்று பார்க்கும். ஆண்டவருக்குத்தானே போகிறது என்று ரெண்டு பேரும் சொல்லுவார்கள். ஆண்டவருக்கா, மீசைக்கா. அப்புறம் ஒரே ராத்திரிக் காற்றில் வாழை முழுக்கச் சாய்ந்தது, குலை தள்ளின நேரம், வாங்கின கடன் எழுந்து நின்றது, நிலம் கை மாறியது, கடைசியில் மிஞ்சியது இந்த வீடும், துவைகல் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் குடித்தே வளர்ந்த ஒரு எலுமிச்சை மரமும். அந்த வருஷம் அப்பா எலுமிச்சம்பழம் படைத்தார்கள். ஒரு தட்டு நிறைய. எமர்சன் வாத்தியார் தூக்கிக் காட்டினபோது யாரும் வாயைத் திறக்கவில்லை, எல்லோருக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம். மாசிலாமணி மாமா மட்டும் கேட்டார். அதற்கு மேல் கேட்க ஆளில்லை. உடனே அவரே அதற்கு மேல் கேட்டார். பிறகு அதற்கும் மேல். யோவ், உம்ம கேள்விக்கு மேல நீரே கேக்குதீரே என்று எமர்சன் வாத்தியார் உறிஞ்ச மறந்து சொன்னார். சபையே சிரித்தது. மாமா விடவில்லை. தனக்குத் தானே எதிரியாக நின்று, வாழைக்கொலை போன விலைக்கு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

பிறகு ஒவ்வொரு வருஷமும் அதேதான். அது ஒரு வேடிக்கையாகிவிட்டது, தானே ஏத்துற மாசிலாமணி என்று பேரே வந்துவிட்டது. ஏலம் முடிந்ததும் அந்தத் தட்டோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார், ஊறுகாய் போடும்மா என்று அம்மாவிடம் கொடுப்பார், அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். அப்பாவும் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்பா அவரிடம் சொன்னதில்லை. ஆண்டவரிடம் எவ்வளவு சொல்லுவார்கள் தெரியுமா. ராத்திரி ஜெபத்தில் கஞ்சிக்காக ஸ்தோத்திரம், கூரைக்காக ஸ்தோத்திரம், காலுக்குச் செருப்பு இருக்கிறதற்காக ஸ்தோத்திரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள், சந்தையிலிருந்து வந்தவன் பையிலிருந்து சாமான் எடுத்து வைக்கிற மாதிரி. நான் அதையும் செய்துகாட்டியிருக்கிறேன், கொசுவலை ஓட்டைக்காக ஸ்தோத்திரம், ஓட்டை வழியாக வருகிற கொசுவுக்காக ஸ்தோத்திரம் என்று, அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண் போயிற்று. கண் போன அன்றைக்கு ராத்திரி என்ன சொல்லுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். இதுவரைக்கும் பார்த்ததற்காக ஸ்தோத்திரம் என்றார்கள். அதை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. வார்த்தை வருகிறது, குரலும் வருகிறது, ரெண்டும் சேரமாட்டேன் என்கிறது. ஆண்டவரிடம் வாங்கிக்கொள்வது சுலபமாக இருக்கும் போலிருக்கிறது, அவர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு முன்னால் வந்து உட்காருவதில்லை. பக்கத்துத் தெருக்காரனிடம் வாங்குவதுதான் தொண்டையை அடைக்கும் போல. இன்று காலையில் அப்பா மரத்தடிக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். ஒவ்வொரு பழமாகத் தடவி, மோந்து, இது வேண்டாம், இது ஆகும் என்று பொறுக்கினார்கள். அம்மாவிடம் சொன்னார்கள், மில்லுக்காரன் இன்னைக்கு வரட்டும், அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும், இத்தன வருசமா நாக்குலயே கெடக்கு. அம்மா தட்டை வாங்கி என் கையில் வைத்தாள்.

அந்தத் தட்டு இப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதுதான் கோயில், இந்தத் துவைகல்தான் பீடம், நான்தான் சபை. எவ்வளவு நேரம் இப்படியே ஓட்ட முடியும். தேங்காயை விற்றேன், முருங்கைக்காயை விற்றேன், கிரேஸ்கனி அக்காளுக்கும் அவளுடைய மதினிக்கும் ஒரு கோழிக்காகச் சண்டை மூட்டிவிட்டேன், கோழி முட்டை போடுமா போடாதா என்று எமர்சன் வாத்தியாரைச் சத்தியம் பண்ணச் சொன்னேன், நன்றாகத்தான் வந்தது, வேறு நாளாக இருந்தால் அப்பா சிரித்திருப்பார்கள். சிரிக்கவில்லை. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. யாருடைய குரலுக்காக என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலைத்தான் தள்ளிக்கொண்டே போகிறேன். சிரிப்பு கடைசியில் என்று சொன்னேனே, அது மாசிலாமணி மாமாதான், அவரைச் செய்தால் சிரிக்காதவன் இந்த ஊரில் இல்லை. மில் ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசியே பழகினவர், அதனால் மில் ஓடாத இடத்திலும் அதே கத்தல், கோயிலில் கண்ணை மூடி ரகசியமாக ஜெபித்தால் தெருவில் போகிறவன் ஆமென் சொல்லுவான். ஒரு தடவை என்னை மில்லுக்குள் கூப்பிட்டு, ஏலே ஆமோஸ், கொஞ்ச நேரம் நீ நானா இரி என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் தூங்கப் போய்விட்டார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் குரலில் தவிட்டைத் தள்ளு, பெல்ட்டைப் பாரு என்று கத்த, ஆட்களெல்லாம் வேர்த்து விறுவிறுத்து வேலை பார்த்தார்கள். எழுந்து வந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த வாயைப் பெட்டிக்குள் பார்த்தேன். நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி மூடியிருந்தார்கள். அவ்வளவு சின்ன வாயா அவருக்கு என்று தோன்றியது, அவ்வளவு சத்தமும் எப்படி அதற்குள் இருந்தது. ஐயர் பிரசங்கம் பண்ண, நான் அந்த மூடின வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், அப்போது ஒரு அசிங்கமான நினைப்பு வந்தது: இனி அந்தக் குரல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு பணக்காரன் மாதிரி நினைத்தேன். எல்லாருக்கும் தீர்ந்துபோன ஒன்று எனக்கு மட்டும் இருக்கிறது என்று. வீட்டுக்கு வருகிற வழியில் கரும்பனைகளுக்கு நடுவில் நின்று அதை எடுத்துப் பார்க்கலாமா என்று வாயைத் திறந்தேன், பயந்து மூடிக்கொண்டேன். செத்தவருடைய சட்டையை எடுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. இன்னும் அவர் வீட்டில் அவருடைய சட்டையையே யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

அதோடு இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது, முட்டாள், இதைக் காலையிலேயே யோசித்திருக்க வேண்டும். குரலை எடுத்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஏலம் முடியும். பிறகு அவர் வர வேண்டும். தட்டோடு வர வேண்டும், கட்டில் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட உட்கார வேண்டும், அப்பா கையை நீட்டினால் அந்தப் பக்கம் ஒரு கை வேண்டும். குரல் இருக்கிறது என்னிடம், கைக்கு எங்கே போவேன். என் கை எலும்பு, மாமாவின் கை தவிடு படிந்து சொரசொரவென்று, அப்பா தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். உடம்பு சரியில்லை, நாளைக்கு வருவார் என்று சொல்லலாம். நாளைக்கு. நாளைக்கு மறுநாள். அம்மா இன்னும் எத்தனை கிழவிகளைப் படைப்பாள். ஜன்னலில் அம்மாவின் கை கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்க்கிறாள். தலையை ஆட்டுகிறாள். ஆட்டுவதற்கு அர்த்தம், சீக்கிரம் என்பதா, வேண்டாம் என்பதா, என்னால் எத்தனை பேராகவும் ஆக முடிகிறது, அம்மாவின் ஒரு தலையாட்டல் புரியமாட்டேன் என்கிறது. உள்ளே அப்பா என்னவோ கேட்கிறார்கள். நம்ம பழம் இன்னும் வரலியா என்றிருக்கும். வரும் வரும் என்கிறாள் அம்மா. சரி. மூச்சை இழு. எமர்சன் வாத்தியார்: அருமைநாயகம் வீட்டு எலுமிச்சம்பழம், ஒரு தட்டு, கேக்குறவங்க கேக்கலாம். உறிஞ்சல். அமைதி. இந்த அமைதியை நான் செய்யவில்லை, அதுவாக வந்தது. வாத்தியார் மறுபடியும் கேட்கிறார். மறுபடியும் அமைதி. குடத்தின் உள்பக்கம் என் மூச்சுப் பட்டு வேர்த்திருக்கிறது, அதற்குள் என் மூஞ்சி நீண்டு, கோணி, யாரோ ஒருவனுடையது மாதிரி இருக்கிறது. மாமா, மன்னியும். கொஞ்ச நேரம் நான் நீரா இருக்கேன்.

எடுத்தேன். வந்தது. எந்தக் கஷ்டமும் இல்லாமல், கூப்பிடக் காத்திருந்த மாதிரி, நெஞ்சுக்குக் கீழேயிருந்து கிளம்பி, மில் சத்தத்துக்கு மேல் ஏறி வந்தது. நூறு ரூவாவே, எம் பேருல போடும். கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் கை விலகியது. வாத்தியார் நூறு, ஒரு தரம் என்கிறார், மாமா விடுவாரா, நூத்தம்பது என்கிறார். யோவ், நூறும் நீருதான். இருக்கட்டும்வே, அந்த நூறு கேட்டவன் கஞ்சப்பய, அவனுக்கு விட்டுராதீரும். இதை அவர் சொன்னதே இல்லை, ஆனால் அவர்தான் சொன்னார், நான் வாயை மட்டும்தான் கொடுத்தேன். இருநூறு. முந்நூறு. என் கண்ணிலிருந்து தண்ணீர் குடத்துக்குள் சொட்டுகிறது, குரல் நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது, அழுகிறவன் ஒருவன், கத்துகிறவன் வேறொருவன். ஐந்நூறு. கிரேஸ்கனி அக்காள் சிரிக்கிறாள், சபை சிரிக்கிறது, சேவல்கூடக் கூவுகிறது, இவ்வளவு பேரையும் விட்டால் மாமா நின்றுவிடுவார் என்று ஒருவரையும் விடாமல் ஓட்டுகிறேன். இவர் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் இவர் இருக்கிறார். மூணு தரம் என்று சொல்லிவிட்டால் அடக்கம். அதனால் வாத்தியாரை இரண்டு தரத்தைத் தாண்ட விடவில்லை. எண்ணூறு. ஆயிரம். அப்போது ஜன்னலுக்குள் அப்பாவின் தலை தலையணையிலிருந்து எழுந்தது. முகம் என் பக்கம், கண் இல்லாத முகம், இத்தனை வருஷமாக நாக்கில் கிடந்ததைக் கையில் எடுத்த முகம். வாய் அசைந்தது. தனக்குத் தானே முணுமுணுக்கிற மாதிரி, பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்கே கேட்டிருக்குமோ என்னவோ, அவ்வளவு மெதுவாகச் சொன்னார்கள், அடுத்தவர் வாயைப் பார்த்தே பழகின நான் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"போதும்வே, மாசிலாமணி. எனக்கு நெறஞ்சிட்டு."

எனக்குத் தொண்டை முழுக்க மாமாதான் இருந்தார். நான் யோசிக்கவில்லை, யோசிக்கிற இடத்தில் நான் இல்லை. குடத்துக்குள் வாய் தானாகத் திறந்தது.

"கேக்குதவன் நான்லா! போதும்னு சொல்ல நீரு யாருவே?"

அப்பா சிரித்தார்கள். சத்தியமாகச் சிரித்தார்கள். கண் போன பிறகு நான் கேட்காத சிரிப்பு, வாழை இருந்த காலத்துச் சிரிப்பு, கட்டில் கிறீச்சிட, தோள் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வந்துவிட்டது, நான் சொன்ன சிரிப்பு இதுதான், நானும் சேர்ந்து சிரிக்கக் குடத்திலிருந்து தலையை எடுத்தேன். அதற்குள் அது பாதியில் நின்றது. மெல்லக் குறையவில்லை, பெல்ட் அறுந்த மில் மாதிரி நின்றது. அப்பா தலையைச் சாய்த்து, தான் சொன்னதையும் வந்த பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்கிற மாதிரி இருந்தார்கள். படுக்கையில் முணுமுணுத்ததற்கு ரெண்டு தெரு தாண்டிப் பதில் சொல்ல எந்த மனுஷனால் முடியும். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். எலுமிச்சை மரத்தில் ஏதோ ஒரு குருவி, அது நான் இல்லை, கத்திவிட்டு அடங்கியது. அப்பாவின் கை நெஞ்சுக்குப் போனது, நான் எழுந்துவிட்டேன், குடம் உருண்டது, ஆனால் கை நெஞ்சில் அமைதியாகக் கிடந்தது, ஜெபத்தில் வைக்கிற மாதிரி. கோபம் இல்லாத குரலில், ஜன்னலுக்கு வெளியே, சரியாக நான் நிற்கிற இடத்தைப் பார்த்துக் கேட்டார்கள்.

"ஏலே ஆமோஸ். மாசிலாமணி எப்பம்ல போனான்?"